மேல்வீட்டுத் திறப்பு

நத்தார் முடிஞ்சு ரெண்டு நாளாகுது, றிச் கேக் இன்னும் அரை ரின் கிடக்கு, கேற்றில போட்ட லைற்றும் கழற்றேல்லை. உதை எழுதுவமோ விடுவமோ எண்டு யோசிச்சுக்கொண்டே இருந்தனான். எழுதிறன், கோவிக்கிறவை கோவிக்கட்டும்.

முதல்லயே சொல்லிப்போடுறன், நான் கொண்டாட்டத்துக்கு எதிரான ஆள் இல்லை. புது உடுப்பு, வெடி, நடுச்சாமப் பூசை முடிஞ்சு வந்து இறைச்சிக் கறியோட பாண் சாப்பிடுறது, பக்கத்து வீட்டுச் சைவக்காரருக்குப் பலகாரம் குடுக்கிறது, எல்லாம் எனக்கும் விருப்பம். ஆனா இப்ப நடக்கிறது கொஞ்சம் ஓவர் எண்டுதான் படுது. மார்கழி பிறந்தா ஒபிஸ் ஒபிசா ஒளிவிழா, பிரதம விருந்தினர் பேசி முடிக்கிறதுக்குள்ள தேவதை உடுப்போட நிக்கிற பிள்ளையள் நித்திரையாகுதுகள், நத்தார் தாத்தா வேசம் போட்ட பெடியனுக்கு வேர்வையில பஞ்சுத்தாடி கழண்டு வாயுக்குள்ள போகுது. கரோல் வாறவையும் லாண்ட்மாஸ்ரரில பெரிய பொக்ஸ் பூட்டிக்கொண்டு வருகினம், என்ன பாட்டெண்டே விளங்காது, என்வலப் மட்டும் விளங்கும்.

எங்கட பக்கம் போட்ட ஒரு பாலன் குடிலுக்கு இந்தமுறை தண்ணி ஓட மோட்டர், நீல லைற், மலையெல்லாம் பஞ்சுப் பனி, மேலால ட்ரோன் விட்டு வீடியோ. பிரான்சிஸ் அசிசியார் 1223 இல கிரேச்சோ எண்ட ஊரில குடில் செய்யேக்க வைச்சது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும்தான். பாலன் எவ்வளவு இல்லாமையில பிறந்தது எண்டதைக் கண்ணால பாக்கோணும் எண்டு அந்த மனிசனுக்கு ஆசை.

சரி, மற்றவையைச் சொன்னது காணும். இனி என்ர கதை.

கார்த்திகை கடைசியில ஒரு பெடியனும் மனிசியும் மழைக்குள்ள வந்து கேற்றைத் தட்டிச்சினம். முல்லைத்தீவுப் பக்கம், பெடியனுக்கு இஞ்ச புதுசா வேலை, மனிசிக்கு வயித்தில ஏழு மாசம். ஆர் சொன்னதோ தெரியாது, "அண்ணை, மேல்வீடு சும்மாதானே கிடக்காம், ஒரு அறை தந்தாலும் காணும்" எண்டு கேட்டான். எங்கட மேல்வீடு வருசத்தில பத்து மாசம் பூட்டித்தான் கிடக்கு, கனடாவில இருந்து பெரியண்ணை ஆக்கள் வந்தா நிக்க. "இல்லைத் தம்பி, நத்தாருக்கு ஆக்கள் வரினம்" எண்டு சொன்னன். பொய் இல்லை, வந்தவைதான். அந்தப் பொம்பிளைப்பிள்ளை ஒண்டும் கதைக்கேல்லை, செருப்பில ஒட்டின சேத்தைப் படியில தேய்ச்சுப்போட்டுப் போட்டுது. நம்பரை மட்டும் வாங்கி வைச்சன், மறுக்கிறதை மரியாதையா மறுக்க எங்களுக்கு நல்லாத் தெரியும்.

நத்தார் பூசையில பாதர் லூக்கா ரெண்டாம் அதிகாரத்தைத்தான் விளங்கப்படுத்தினார். விடுதியில இடமில்லை எண்டு நாங்கள் வாசிக்கிற இடத்தில கிரேக்கத்தில இருக்கிற சொல்லு கதாலுமா. நல்ல சமாரியன் கதையில வாற சத்திரத்துக்கு லூக்கா வேற சொல்லுப் போடுறார். கடைசி இராப்போசனத்துக்கு இயேசு கேட்ட மேலறைக்குத்தான் திரும்பவும் இந்தச் சொல்லு வருது. அதால கதாலுமா எண்டது காசு குடுத்துத் தங்கிற விடுதி இல்லை, வீட்டில விருந்தாளிக்கு விடுற அறையா இருக்கலாமாம். குடிசனமதிப்புக்காகச் சொந்த ஊருக்கு வந்த சூசையப்பருக்கு அந்த அறையில இடமில்லாமல்தான் பிள்ளையை மாடு தின்னுற தொட்டியில கிடத்தினது. பக்கத்தில பெரியண்ணை குளிருதெண்டு ஃபானைக் குறைக்கச் சொல்லுறார், எனக்கெண்டா அப்பத்தான் வேர்த்தது.

ஏனெண்டா நாங்களும் அப்பிடிக் கிடந்த ஆக்கள்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டையால யாழ்ப்பாணமே இடம்பெயரேக்க, குருநகரில இருந்து வெளிக்கிட்டு, கொட்டுற மழையில, சனத்தோட சனமா நாவற்குழிப் பாலத்தை அடி அடியாக் கடந்து மீசாலைக்குப் போனம். முன்பின் தெரியாத ஒரு ஆச்சி விறாந்தையைத் தந்தவ, பதினொரு பேர் நாங்கள். முதல் கொஞ்ச நாள் எங்களுக்குத் தண்ணிக்கு வேற செம்புதான், அதையும் மறைக்கேலாது, பேந்து பேந்து அந்தச் செம்பு எங்கயோ காணாமல் போட்டுது. நத்தார் வந்துது, கரண்டும் இல்லை, ஒண்டும் இல்லை. அம்மா பிஸ்கட் ரின்னைச் சரிச்சு வைச்சு வைக்கோல் போட்டா, செபப்புத்தகத்துக்குள்ள இருந்த பாலன் படத்தைக் கிடத்தினா, ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சு வைச்சுத் துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கு. விடிய எழும்பிப் பாக்கிறம், ரின்னுக்கு முன்னால ஒரு மூக்குப்பேணியில பாலும் ரெண்டு வாழைப்பழமும். ஆச்சி திருநீறு பூசிக்கொண்டு நிக்கிறா, "பிள்ளை பிறந்திருக்கெண்டியள், வெறுங்கையோடயே வாறது" எண்டு.

எனக்கு அண்டைக்குப் பன்னிரண்டு வயசு. அதுக்குப் பிறகு எத்தினை ஒளிவிழா, எத்தினை குடில் பாத்திட்டன், அந்த மூக்குப்பேணி மாதிரி ஒண்டு மனசில நிக்கேல்லை.

பெரியண்ணை ஆக்கள் தை எட்டாம் திகதி போகினம். என்ர மனிசியிட்டக் கதைச்சன், வாற வருசமும் அவை வருவினமே, பேந்து அந்தச் சனத்தை எழுப்பேலுமே எண்டு கேக்கிறாள், அதுவும் ஞாயம்தான். பிள்ளை பிறக்கிறதும் தைக் கடைசி மட்டிலதான் வரும். நம்பர் போனில கிடக்கு, பேர் கேக்காததால "வீடு கேட்ட பெடியன்" எண்டு போட்டு வைச்சிருக்கிறன்.