விட்டுக்கொடுத்தேன், ஒப்புக்கொள்ளவில்லை

சனிக்கிழமைப் பேச்சுப் போட்டியைப் பற்றி இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று மாலை நடுவர் குழு அறிக்கை வந்து சேர்ந்தது. மூன்றாம் பத்தியில் ஒரு வரி: "மாறுபட்ட கருத்துச் சொன்ன நடுவர் பின்னர்த் தம் மதிப்பீட்டுப் பிழையை ஒப்புக்கொண்டார்." அந்த நடுவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். பாவம், பெயரைப் போடாமல் பெருந்தன்மை காட்டியிருக்கிறார்கள்.

நான் எந்தப் பிழையையும் ஒப்புக்கொள்ளவில்லை. விட்டுக்கொடுத்தேன்.

அந்தச் சிறுமி நடுவில் ஒரு வரியை மறந்தாள். கண்ணை மூடினாள், பாவாடை நுனியை இறுகப் பிடித்தாள், பிறகு மனப்பாடத்தைக் கைவிட்டுத் தன் பாட்டி தேக்கா சந்தையில் மீனுக்குப் பேரம் பேசும் கதையைச் சொல்லி முடித்தாள். என் கணக்கில் அன்று தமிழ் பேசிய பிள்ளை அவள் ஒருத்திதான். மற்ற இரு நடுவர்களும் தங்குதடையின்றி ஒப்பித்த பையனைச் சொன்னார்கள். வெளியே பெற்றோர் காத்திருந்தனர், ஆறு மணிக்குள் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். "சரி, நான் விட்டுக்கொடுக்கிறேன்" என்றேன். என் மதிப்பெண்ணைக்கூட அழிக்கவில்லை. பென்சிலில் எழுதிய 87 தாளில் அப்படியே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

எம்ஆர்டி ரயிலில் வயதானவருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்கிறோம். அதுவரை உட்கார்ந்திருந்தது குற்றம் என்றா எழுந்திருக்கிறோம்? குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் தமிழ் முரசின் நீதிமன்றச் செய்திகளில் வருகிறார்கள். அந்த வரிசையில் என்னையும் கொண்டுபோய் நிறுத்தியாயிற்று.

துணைவினையைக் கவனியுங்கள். ஒன்றில் 'கொள்', மற்றதில் 'கொடு'. பிழையை ஒப்புக்கொள்பவர் அதைத் தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். விட்டுக்கொடுப்பவர் தம் கையில் இருப்பதை எடுத்து அடுத்தவருக்குத் தருகிறார். கையில் ஒன்றுமே இல்லாதவர் எதை விட்டுக்கொடுப்பார்? கொள்வதற்கும் கொடுப்பதற்கும் வேறுபாடு தெரியாதவர்கள்தாம் பிள்ளைகளின் ழகரத்துக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள்.

"நடுவராக வர ஒப்புக்கொண்டார் என்று எழுதுவதில்லையா?" என்று ஒருவர் கேட்பார். எழுதுகிறோம். சம்மதம் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. (இதை நான் ஒப்புக்கொண்டதாகவே அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.) ஆனால் முன்னால் 'பிழையை' என்று போட்டுவிட்டு, பின்னால் சம்மதத்தைத் தேடிக்கொள் என்றால் எப்படி? "ஒரு சொல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, இங்கே தமிழ் புழங்குவதே பெரிது" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. 2014இல் லாவ் பா சாட் உணவங்காடிக்கான வழிகாட்டிப் பலகையில் 'சாட்' (Sat) என்பதைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாக எடுத்து, 'சனி' என்று மாற்றியபோது கொதித்தவர்களும் இவர்கள்தாம். பலகையில் வந்தால் அவமானம், நம் ஆள் எழுதினால் பொறுத்துப்போக வேண்டுமாம்.

உயர்நிலைப் பள்ளி முதலாம் ஆண்டில் படித்தபோது, நான் பொய் சொன்னதாக ஆசிரியர் அம்மாவை அழைத்திருந்தார். "என் மகள் பொய் சொல்ல மாட்டாள்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார் அம்மா. எங்கள் புளோக்கின் மின்தூக்கிக் கதவு மூடியதுதான் தாமதம், என் காதைப் பிடித்துத் திருகிய திருகல் ஏழாவது மாடிவரை நிற்கவில்லை. நான் பொய் சொன்னது அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் வெளியாரிடம் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

அதே சொல்தான். மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்கலாம், பரிசுக் கோப்பையை விட்டுக்கொடுக்கலாம். ஆளை விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

அறையில் மூன்று பேர் இருந்தோம். என் வலப்பக்கத்தில் இருந்தவர், நான் சொன்ன சொல்லைக் காதால் கேட்டவர். இருபது ஆண்டுப் பழக்கம். போட்டி முடிந்து உணவங்காடியில் தே தாரிக் வாங்கித் தந்து, "உங்களுக்குப் பெரிய மனம் அக்கா" என்றார். அறிக்கையின் அடியில் அவருடைய கையெழுத்து இருக்கிறது, நீல மையில், தேதியோடு.

பக்கத்தில் எனக்கென்று ஒரு கோடு காலியாக விட்டிருக்கிறார்கள். ஒப்பம் கேட்டு இன்று காலையும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. திறந்து படித்தேன். இரண்டு நீலக்குறி விழுந்திருக்கும். என்னிடமிருந்து அவர்களுக்குக் கிடைக்கும் நீலம் அவ்வளவுதான்.