தோல் காசநோய்க்குப் பூண்டு மருந்தல்ல

“தோலில் காசநோய் வந்தவரைத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும், பூண்டை அரைத்துப் பூசினால் ஒரே வாரத்தில் ஆறிவிடும், மாத்திரை வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலக்கும் கிருமிகளால்தான் காசநோய் பெரும்பாலும் பரவுகிறது. கைகுலுக்குவதாலோ பக்கத்தில் உட்காருவதாலோ தோல் காசநோய் தொற்றாது. வெட்டுக்காயம் வழியாகக் கிருமி நேரடியாகப் புகுவது உண்டு, அது அரிது. பெரும்பாலும் உடலுக்குள் இருக்கும் தொற்றுதான் இரத்தம் வழியாகவோ, கழுத்து நிணநீர்க் கணுக்கள் பழுத்து உடைவதாலோ தோலுக்கு வருகிறது. நோயாளிக்கு மார்பு எக்ஸ்ரே எடுப்பதும் இதனால்தான்.

வேர் உள்ளே இருக்கையில் மேற்பூச்சு என்ன செய்யும்? பச்சைப் பூண்டு தோலைப் பொத்துப்போகச் செய்து, புண்ணை இன்னும் மோசமாக்கும். முகத்தில் வரும் ‘லூபஸ் வல்காரிஸ்’ வகை, சிகிச்சையின்றி ஆண்டுக்கணக்கில் பரவி மூக்கு, காது மடல்களையே அரித்துவிடும். செம்பழுப்புத் திட்டு ஒன்று மெல்லப் பெரிதாகி, நடுவில் தழும்பாகிக்கொண்டே போனால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறு தோல் துணுக்கை எடுத்துச் சோதித்து உறுதிசெய்வார்கள். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் உள்ளிட்ட கூட்டு மருந்துகளைப் பொதுவாக 6 மாதம் விடாமல் சாப்பிட்டால் இது குணமாகும்.

காசநோய் பரவும் விதத்தையும் சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போடுங்கள்.