பார்ட்னர் ஆக எத்தனை வருஷம்? (அக்கா மகன் கேட்டதும் நான் சொன்னதும்)

போன சனிக்கிழமை இங்க சிங்கப்பூர்ல தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்கிட்டு இருந்தேன், அக்கா மகன் போன் பண்றான். "சித்தி, எங்க இருக்கீங்க, ஒரு பத்து நிமிஷம் பேசணும்"னு. சரி வாடான்னு அங்கயே ஃபுட் சென்டர்ல ஒரு மேசையப் புடிச்சு உக்காந்தேன். கால்கிட்ட பையில வவ்வால் மீனு, ஐஸ் உருகி சொட்டிக்கிட்டு இருக்கு, இவன் வந்து பிராட்டாவக் கூட தொடாம லேப்டாப்ப தொறக்கறான்.

ரெண்டு கன்சல்டிங் கம்பெனியில ஆஃபர் வந்திருக்கு அவனுக்கு. மத்த கம்பெனிகளுக்கு காசு வாங்கிட்டு யோசனை சொல்ற தொழில், நானும் அதுலதான் இருந்தேன். எக்செல்ல ஒரு ஷீட் போட்டு வச்சிருக்கான். என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) ரெண்டு வருஷம், அப்புறம் யூனிவர்சிட்டி, அதனால வேலையில சேர்றப்ப வயசு 25. அங்கேருந்து வருஷத்துக்கு ஒரு வரி. 28, 31, 34னு பதவி ஏறிக்கிட்டே போகுது. 37க்கு நேரா "பார்ட்னர்"னு, அதாவது அந்தத் தொழில்ல உச்சப் பதவிய, போட்டு பச்சை கலர் அடிச்சிருக்கான், பக்கத்து கட்டத்துல "காண்டோ", தனியார் அடுக்குமாடி வீடு. நான் சிரிச்சுட்டேன். அவனுக்குக் கோவம். "கணக்கு தப்பா சித்தி?"ன்னான்.

கணக்கு தப்பில்ல, அதான் விஷயமே. மெக்கின்சி, பிசிஜி, பெயின் மாதிரி பெரிய ஸ்ட்ராடஜி கன்சல்டிங் கம்பெனிகள்ல எம்பிஏ முடிச்சுட்டு சேர்றவங்க ஒழுங்கா ஏறினா பார்ட்னர் ஆக ஏறக்குறைய 6லேருந்து 8 வருஷம், டிகிரி முடிச்ச கையோட சேர்ந்தா 10, 12ன்னு போகும். மெக்கின்சியில பிசினஸ் அனலிஸ்ட், அசோசியேட், எங்கேஜ்மென்ட் மேனேஜர், அசோசியேட் பார்ட்னர், அதுக்கப்புறம்தான் பார்ட்னர், ஒவ்வொரு படியிலயும் ரெண்டு மூணு வருஷம். பிக் ஃபோர்ல (டெலாய்ட், பிடபிள்யூசி, ஈஒய், கேபிஎம்ஜி) படியும் ஜாஸ்தி நேரமும் ஜாஸ்தி, சீனியர் மேனேஜர், டைரக்டர்னு போயி 12லேருந்து 15 வருஷம், அதுக்கு மேலயும் இழுக்கும். டைரக்டர் படியிலயே நாலஞ்சு வருஷம் உக்காந்திருக்கறவங்கள எனக்கே தெரியும். நானே உக்காந்திருந்தேன், அதுக்கு வர்றேன்.

ஆனா இதெல்லாம் யாரோட கணக்கு? மேல போய்ச் சேர்ந்தவங்களோட கணக்கு. 4டி லாட்டரி அடிச்சவர்கிட்ட மட்டும் போயி "அண்ணே, எத்தனை வாரம் வாங்கினீங்க"ன்னு கேட்டு, அப்ப நானும் அத்தனை வாரம் வாங்கினா போதும்னு நெனைக்கிற மாதிரிதான் இது. என்கூட ஒரே பேட்ச்ல சேர்ந்தவங்க 22 பேர். பார்ட்னர் ஆனது ரெண்டே பேரு. ஒருத்தர் 13 வருஷத்துல, இன்னொருத்தர் 16. மீதி 20 பேருக்கு எத்தனை வருஷம்னு எந்தக் கட்டத்துல போடுவான் இவன்?

இந்தத் தொழில்ல "அப் ஆர் அவுட்"னு ஒரு பழக்கம் இருக்கே, குறிப்பிட்ட காலத்துக்குள்ள ஏறு, இல்லன்னா கிளம்பு. ஸ்ட்ராடஜி கம்பெனிகள்ல இது ரொம்ப கறார். யாரும் கழுத்தப் புடிச்சுத் தள்ள மாட்டாங்க, ரொம்ப மரியாதையாத்தான் சொல்லுவாங்க, வெளிய வேலை தேட டைமும் குடுப்பாங்க. சிங்கப்பூர்க்காரனுக்கு அது ஒரு மாதிரி. ஈபியில (வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்கற வேலை பாஸ்) இருக்கற நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு வேற மாதிரி, பாஸ் கேன்சல் ஆனா பொதுவா 30 நாள்தான், பிள்ளை இங்க ஸ்கூல்ல படிச்சிட்டு இருக்கும், வாடகை ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்.

நம்ம வீடுகள்ல கன்சல்டிங்னு சொன்னாலே பெருசுங்க உடனே இந்திரா நூயி, சுந்தர் பிச்சைன்னு ஆரம்பிச்சிடுவாங்க. எங்க அம்மாவும் அப்படித்தான். சரி, பாருங்க. இந்திரா நூயி பிசிஜியில 1980லேருந்து ஆறு வருஷம் இருந்துட்டு மோட்டோரோலாவுக்குப் போயிட்டாங்க, பெப்சிக்குப் போனது 1994ல. சுந்தர் பிச்சை மெக்கின்சியில கொஞ்ச காலம்தான் இருந்தாரு, 2004ல கூகுள். ரெண்டு பேருமே நடுவுல எறங்கினவங்க! அவங்கள உதாரணம் காட்டிட்டே பிள்ளைங்ககிட்ட "எப்பப்பா பார்ட்னர் ஆவே"ன்னு கேக்கறோம்.

இன்னொண்ணு, நாம நல்லா வேலை செஞ்சா மட்டும் பத்தாது, அந்த வருஷமும் நல்ல வருஷமா இருக்கணும். மெக்கின்சி 2022ல சுமார் 380 பேரைப் புதுசா பார்ட்னர் ஆக்கினாங்க, 2023ல அது சுமார் 250தான்னு செய்தி வந்துச்சு. ஒரே வருஷத்துல அந்த 130 பேருக்கு மூளை மழுங்கிப் போச்சா என்ன? மார்க்கெட் டல்லு, அவ்ளோதான். எக்செல்ல இதுக்கு எந்த ஃபார்முலாவும் கிடையாது.

சேர்ற வயசுல யாரும் சொல்லித் தராத ஒண்ணு இருக்கு. மேனேஜர் வரைக்கும் ஒரு வேலை, அதுக்கு மேல வேற வேலை. கீழ இருக்கறப்ப ஸ்லைடு, மாடல், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆபீஸ்ல உக்காந்து கண்ணு எரியற வேலை, அத நல்லா செஞ்சாதான் ஏத்துவாங்க. ஏத்தின பிறகு அந்தத் திறமைக்கு மதிப்பு இல்ல, எவ்வளவு வித்தேங்கறதுதான் கணக்கு. பத்து வருஷம் நல்லா சமைச்சவரைக் கூப்பிட்டு, நாளையிலேருந்து நீ வாசல்ல நின்னு ஆளப் புடிச்சிட்டு வான்னு சொல்ற மாதிரி. சில பேருக்கு அது வரும். எனக்கு பாதிதான் வந்துச்சு.

என் கதை இது. 11வது வருஷம் டைரக்டர் ஆனேன், அதுக்கு நடுவுலதான் ரெண்டாவது பிள்ளை, 16 வாரம் லீவு, திரும்பி வந்தப்ப என் கிளையன்ட் ரெண்டு பேரு வேற ஆள்கிட்ட "பழகிட்டாங்க". பரவால்லன்னு ஒரு பேங்க்க புதுசா புடிச்சேன், அதுவே பெரிய வேலையாச்சு. பார்ட்னருக்குப் போட்டி போடணும்னா பிசினஸ் கேஸ்னு ஒண்ணு எழுதணும், அடுத்த மூணு வருஷம் எந்தக் கிளையன்ட்கிட்டேருந்து எவ்வளவு கொண்டு வருவேன்னு. 18 பக்கம் எழுதினேன், அதுல பாதிக்கு மேல அந்த பேங்க்தான். எனக்கு மேல இருந்த பார்ட்னர் ராஃபிள்ஸ் பிளேஸ்ல கோப்பி வாங்கிக் குடுத்து "இந்த வருஷம் கொஞ்சம் டைட்டு, அடுத்த வருஷம் கண்டிப்பா"ன்னாரு. அடுத்த வருஷம் அந்த பேங்க்ல நிதித் தலைவர் (சிஎஃப்ஓ) மாறினாரு, புதுசா வந்தவரு அவருக்குத் தெரிஞ்ச கம்பெனியக் கூட்டிட்டு வந்தாரு, என் 18 பக்கம் 8 பக்கமாச்சு. மறுபடி கோப்பி, மறுபடி அடுத்த வருஷம். மூணாவது தடவை அவரு "கோப்பி குடிக்கலாமா"ன்னு மெசேஜ் பண்ணினப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னிக்கு நானே காசு குடுத்தேன். அவர் மேலயும் எனக்குக் கோவம் இல்ல, பாவம், அவருக்கு மேல நாலு பேரு.

15வது வருஷம் வெளிய வந்தேன். அந்த வருஷம் புதுசா பார்ட்னர் ஆனவங்க லிஸ்ட் ஈமெயில்ல வந்தப்ப செங்காங்ல எங்க பிளாக் லிஃப்ட்டுக்கு நின்னுட்டு இருந்தேன், பேரெல்லாம் ஒண்ணு விடாம கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பாத்தேன். இருக்காதுன்னு தெரியும், ஆனாலும் பாத்தேன். லிஃப்ட்டு வந்து தொறந்து மூடிப் போச்சு.

பார்ட்னர்ங்கற வார்த்தையே எடத்துக்கு எடம் வேற. அக்சென்ச்சர்ங்கற கன்சல்டிங் கம்பெனி 2001ல ஷேர் மார்க்கெட்டுக்குப் போச்சு, அங்க மேல இருக்கறவங்க இப்ப மேனேஜிங் டைரக்டர். எல்எல்பியில, அதாவது பங்குதாரர்களே சேர்ந்து நடத்தற கம்பெனியில, உண்மையான பங்குதாரரா ஆனா நம்ம காசப் போடணும், நிறைய பேரு பேங்க்ல கடன் வாங்கித்தான் போடறாங்க. அதுமட்டுமில்ல, பங்குதாரர்னா சுயதொழில் மாதிரி, முதலாளி போடற 17 சதவீத சிபிஎஃப் (ஓய்வுக்கால சேமிப்பு) நின்னுடும், அதுல மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் மட்டும் நாமளே கட்டணும். இதக் கேட்டதும் பையன் அந்தப் பச்சைக் கட்டத்தையே பாத்துட்டு இருந்தான். "அப்ப காண்டோ?"ன்னான். மொதல்ல பிராட்டாவ சாப்பிடுடான்னேன்.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு பண்ணச் சொன்னேன், ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் இன்னொரு கட்டம் போட்டு, அந்த வருஷம் கிளம்பினா எங்க போவே, கையில என்ன இருக்கும்னு எழுதுன்னு. ரெண்டாவது வருஷத்துக்கும் நாலாவது வருஷத்துக்கும் டக்குனு எழுதிட்டான், பேங்க்ல ஸ்ட்ராடஜி டீம், ஸ்டார்ட்அப், மேல படிப்புன்னு. ஒன்பதாவது வருஷத்துல வந்து நின்னுட்டான். நானும் அங்கதான் நின்னேன், ஆனா எனக்கு அப்ப யாரும் கட்டம் போடச் சொல்லல.

ஆஃபருக்கு வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். சேருன்னுதான் சொல்லியிருக்கேன். முதல் நாலு வருஷத்துல கத்துக்கற மாதிரி வேற எடத்துல கத்துக்க முடியாது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அக்கா, நீ இதப் படிச்சுட்டு "பிள்ளைய பயமுறுத்திட்டியா"ன்னு எனக்கு போன் பண்ணாத. வவ்வால் மீனு நல்லாதான் இருந்துச்சு, குழம்பு வச்சிருக்கேன், வேணும்னா வந்து எடுத்துட்டுப் போ.