கிரீன்லாந்தில் ஒரு மஞ்சள் சிப்பாய்

எட்டுக்கு ஒன்று. ரிஸ்க் என்று ஒரு விளையாட்டு, உலக வரைபடத்தில் பகடை உருட்டி நாடு பிடிப்பது. நான் ஆடியது கணினியோடு; மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் அதன் ஆட்கள். கியூபெக்கில் என் படை 8, கிரீன்லாந்தில் மஞ்சள் கணினியின் படை 1. அந்த ஒன்றை மட்டும் அடித்துவிட்டால் வட அமெரிக்காவின் 9 பகுதிகளும் எனக்கு. சுற்றுக்கு 5 படை கூடுதலாக வந்துகொண்டே இருக்கும். ரிஸ்க் ஆடியவர்களுக்கு இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவைப் பிடித்து, வாசல் ஒன்றுதானே என்று இந்தோனேசியாவில் காவல் போட்டு, அங்கே கிடைக்கிற 2 படையில் குடும்பம் நடத்தி, காம்சாட்கா வழியாக அலாஸ்காவில் இறங்கி, ஒன்றரை மணி நேரம் எறும்பு மாதிரி சேர்த்தது இது.

முதல் வீச்சு. எனக்கு மூன்று பகடை: 5, 3, 2. அதற்கு ஒரே பகடை: 5. இருவரின் பெரிய எண்ணும் சமமாக வந்தால் காப்பவனுக்குத்தான் வெற்றி. விதி அப்படி, போகட்டும். இரண்டாவது, எனக்கு 4, 4, 1, அதற்கு 6. இதுவும் நடக்கக்கூடியதுதான். மூன்றாவது வீச்சில் எனக்கு 6, 6, 5 விழுந்தது. படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பகடையில் இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன போட முடியும்? மஞ்சளும் 6 போட்டது. சமம். என் ஆள் செத்தான்.

நான்காவதாக எனக்கு 3, 2, 2. அது என் பகடையின் வெட்கக்கேடு, ஒப்புக்கொள்கிறேன். மஞ்சளுக்கு என்ன விழுந்தது என்று நினைக்கிறீர்கள்? 3. என்னைச் சாய்க்க எவ்வளவு தேவையோ அவ்வளவு, நகைக்கடைத் தராசில் நிறுத்ததுபோல. ஒரு புள்ளியைக்கூட வீணாக்கவில்லை அது. ஐந்தாவது, 5, 4, 1, அதற்கு 6. இப்போது என்னிடம் இரண்டு பகடைக்குத்தான் ஆள் இருக்கிறது: 4, 1. அதற்கு 5. கடைசியில் ஒற்றைக்கு ஒற்றை. எனக்கு 2. அதற்கும் 2!

இரண்டை வைத்துக்கொண்டு ஒருவன் ஒரு தேசத்தைக் காப்பாற்றிவிட்டான். ஏழு பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

நடுவில் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பவர்கள் இந்த விளையாட்டை ஆடியதே இல்லை என்று அர்த்தம். ஐந்து பேரைப் பறிகொடுத்த பிறகு ஆறாவது ஆளை அனுப்பாமல் இருக்க யாரால் முடியும்? ஒன்டாரியோவில் இன்னொரு 6 படை சும்மா நின்றுகொண்டிருந்தது உண்மைதான். அங்கிருந்தும் கிரீன்லாந்துக்கு வழி உண்டு. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பகடையால் ஒரு பகடையை அடித்தால் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 66 சதவீதம். எட்டுப் படை ஒற்றைப் படையிடம் இப்படி ஒழிந்துபோக வாய்ப்பு ஏறக்குறைய 900-ல் ஒன்று. நான் இதுவரை 900 சண்டையே போட்டிருக்க மாட்டேன். அப்படியென்றால் யாருடைய பங்கை என் தலையில் கட்டினார்கள்? 1957-ல் பிரான்சில் வெளிவந்த இந்த விளையாட்டை உருவாக்கிய ஆல்பர் லாமொரிஸ் ஒரு திரைப்பட இயக்குநர். அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. படம் எடுப்பவர் விளையாட்டுச் செய்தால் ஒற்றை ஆள் எட்டுப் பேரை அடிக்காமல் என்ன செய்வான்?

மஞ்சளையாவது மன்னித்துவிடலாம், அது தன் வீட்டைக் காத்தது. நீலத்துக்கு என்ன வந்தது? சயாமில் 11 படையோடு நிற்கிறது. அதன் முதுகுப் பக்கம், சீனாவில், பச்சை 20 படையோடு உட்கார்ந்திருக்கிறது. மூளையுள்ள எவனும் பச்சையைப் பார்த்துத்தான் பயப்படுவான். நீலமோ என் இந்தோனேசியா மேல் பாய்ந்து, பத்துப் பேரைப் பலி கொடுத்து, என் படையில் பாதியைக் கொன்று, ஒற்றை ஆளோடு நின்றது. அடுத்த சுற்றில் பச்சை இருவரையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத் தடை செய்வார்களாம். அந்தப் பழமொழியை யாரோ அப்படியே நிரலாக எழுதி, ‘கடினம்’ என்று பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். மனிதனாக இருந்தால் கெஞ்சலாம், மிரட்டலாம், “நீ அந்தப் பக்கம் பார், நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன்” என்று ஒப்பந்தம் பேசலாம். இதனிடம் என்ன பேசுவது?

பாட்டி வீட்டுத் தாயத்தில் ஒரே ஆளுக்கு மூன்று முறை தாயம் விழுந்தால் போதும், பாயைத் தூக்கிப் பார்ப்போம், கட்டையை வாங்கி முகர்ந்துகூடப் பார்ப்போம். “உருட்டிப் போடு, வைத்துப் போடாதே” என்று ஒரு கூச்சல் எழும். பாதி ஆட்டம் அந்தச் சண்டைதான். இங்கே திரையில் பகடை கடகடவென்று உருளுகிறது, மேசையில் மோதித் திரும்புகிறது, சத்தம் வேறு. எண்ணைத் தேர்ந்தெடுத்தது உள்ளே இருக்கும் கணக்கு. அந்த உருட்டலெல்லாம் என்னை அழவைப்பதற்கு முந்தைய மேளதாளம்.

இந்தத் திருட்டை நிரூபிப்பதற்காகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். மூன்று பகடைக்கு இரண்டு பகடை என்று நடந்த 100 வீச்சுகளைக் கோடு கிழித்துக் குறித்தேன். எட்டாவது படிக்கும் அக்கா மகனிடம் கூட்டச் சொன்னேன். இரண்டு பேரையும் நான் கொன்றது 38, ஆளுக்கு ஒன்று போனது 33, எனக்கு இரண்டு போனது 29.

“கணக்குப்படி 37, 34, 29 வர வேண்டும் மாமா. சரியாகத்தானே இருக்கிறது?” என்றான். பிறகு, “அந்த 6 படையை ஏன் அனுப்பவில்லை?” என்றும் கேட்டான்.

சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வது, நான் வளர்த்த சாட்சி எனக்கே எதிராகப் போய்விட்டது. சரி, கணினியே வேண்டாம், நாம் இருவரும் அட்டையில் ஆடுவோம் என்று அலமாரி மேலிருந்து பழைய பெட்டியை இறக்கினேன். வீடு மாறியபோது சுற்றிய டேப் அப்படியே இருக்கிறது. வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும். மேசை இழுப்பறையில் இல்லை. சமையலறை ஆணியில் இல்லை. தையல் டப்பாவில் இல்லை. மூன்று நாளாகத் தேடுகிறேன், இந்த வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம், ஒருவர்கூட எடுக்கவில்லையாம்!