காபி நேரத்தில் ஒதுங்கி நின்றால் குருப்பணிக்கு அழைப்பு இல்லையா?

இணையத்தில் சுற்றும் அந்தப் படத்தை எல்லாரும் பார்த்தாயிற்று. ஆராதனை முடிந்து சபையே கோப்பையும் கையுமாகச் சளசளக்க, இடது தோளிலிருந்து குறுக்காக ஸ்டோல் என்னும் நீளத் துணிப்பட்டை போட்ட புது டீக்கன், அதாவது குருத்துவத்தின் முதல் படியில் இருப்பவர், ஜன்னலோரம் தனியாக நிற்கிறார். "இவருக்கெல்லாம் யார் குருப்பட்டம் கொடுத்தது?" என்று ஒரு வரி. கீழே சிரிப்பு மழை.

பிஷப்தான் கொடுத்தார். சும்மாவா? இங்கிலாந்துத் திருச்சபையில் முதலில் பிஷப்பின் திருமண்டலத்தில் மாதக்கணக்கில் பேச்சு, அப்புறம் அடுத்தடுத்துக் குறுநேர்காணல்கள், இரண்டு நாள் தங்கவைத்துத் தேர்வு, அதற்குமேல் இறையியல் படிப்பு. அத்தனை பேர் கண்ணுக்கும் தப்பிய குறை உங்கள் போனில் சிக்கிவிட்டது. சந்தோஷம்.

கூச்சம் வேறு, அழைப்பு வேறு. மத உளவியல் ஆய்வாளர் லெஸ்லி பிரான்சிஸ் குழு ஆளுமைக் கேள்வித்தாள் கொடுத்து நடத்திய 2007 ஆய்வில், இங்கிலாந்துத் திருச்சபையின் 626 ஆண் குருமாரில் 57 சதவீதம் இன்ட்ரோவர்ட், அதாவது தனிமையில் தெம்பு பெறுகிறவர்கள். 237 பெண் குருமாரில் 54 சதவீதம். பாதிக்கு மேல், ஐயா!

உரசல் வேறு இடத்தில் வருகிறது. அதே ஆய்வில் ஆண்களில் 62, பெண்களில் 65 சதவீதம் உள்ளுணர்வுப் பக்கம் சாய்ந்தவர்கள். 'இனி என்ன ஆகலாம்' என்றே யோசிப்பவர்கள். பெஞ்சில் இருப்பவர்களோ பெரும்பாலும் கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கிறவர்கள். குரு பிரசங்கத்தில் தரிசனம் பேசுவார். அவர்களுக்கோ எட்டு மணி ஆராதனையை ஏன் மாற்றினார்கள் என்று தெரியவேண்டும்.

"அமைதியானவரா, அப்போ லிபரல்தான்" என்று ஒரு பின்னூட்டம்; விசுவாசத்தில் தாராளப் போக்குக்காரராம். உள்ளுணர்வுக்காரர்கள் சடங்கையும் மரபையும் போற்றும் ஆங்கிலோ-கத்தோலிக்கப் பக்கமும், கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கும் நடைமுறைக்காரர்கள் வேதாகமத்தை முன்னிறுத்தும் இவாஞ்சலிக்கல் பக்கமும் சற்று அதிகம், உண்மை. சற்றுத்தான். பேசாமல் நிற்பதை வைத்து விசுவாசத்தைக் கணிக்க இதில் இடமே இல்லை.

"கேள்வித்தாளா அழைப்பை முடிவுசெய்யும்?" என்று கிளம்புவீர்கள். யார் அப்படிச் சொன்னது? அது சாய்வைக் காட்டும், திறமையை அளக்காது. "பழகத் தெரியாதவர் சபைக்கு எதற்கு?" இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதற்குத்தான் மூன்று நான்கு வருடம் உதவிகுருப் பயிற்சி. அங்கேதான் கெடுகிறது: பயிற்சி தரும் கலகலப்பான மூத்த குரு ஞாயிறு காலை இரண்டு ஆராதனை, மதியம் ஞானஸ்நானம், மாலை இளைஞர் கூட்டம் என்று அடுக்கி, திங்கள் காலையே "ஏன் சோர்ந்திருக்கீங்க?" என்பார். நடுவில் ஒரு மணி நேரம் தனியே விடுங்கள். காபி நேரத்தில் கெண்டியை அவர் கையில் கொடுங்கள்; கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவர் கையில் கோப்பை இல்லை. அத்தனை பேரில் ஒருவர்கூட நீட்டவில்லை.