அப்புச்சியோட சிட்டையும் என் டூடூ லிஸ்ட்டும்

போன வருஷம் ஒரு கல்யாணத்துல பந்தில உக்காந்திருக்கேன், நம்ம டேக்ஸ் ஆபீஸ் கிளையன்ட் ஒருத்தர் பின்னாடி வந்து நின்னு "ஏனுங்க மேடம், ஜிஎஸ்டில இருந்து என்னமோ நோட்டீஸ் வந்துருக்குதுங்க, கொஞ்சம் பாத்துக்கறீங்களா"ன்னாரு. "வாட்ஸப்ல போட்டு விடுங்ணா, பாத்துடறேன்"னேன். அவரும் அங்கயே நின்னு போட்டு விட்டாரு. நான் சாப்ட்டு இலைய மூடினேன், அதோட சேத்து அந்த நோட்டீஸையும் மூடிட்டேன் போல.

அது ஏஎஸ்எம்டி-10, அதாவது ரிட்டர்ன்ல கணக்கு ஒத்துப் போகலைன்னு விளக்கம் கேக்கற நோட்டீஸ், 30 நாளைக்குள்ள பதில் போடணும். 28ஆவது நாள் அவரு போன் பண்ணி "முடிஞ்சுதுங்களா மேடம்"னு கேக்கறாரு பாருங்க, எனக்கு கைகால் எல்லாம் வெலவெலத்துப் போச்சு. ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம 2பி-யையும் (சரக்கு வித்தவங்க ஜிஎஸ்டில காட்டின பில் லிஸ்ட்) பர்ச்சேஸ் பில்லையும் வரி வரியா ஒத்துப் பாத்து கடைசி நாள் சாயங்காலம் ரிப்ளை ஏத்தி விட்டேன். அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

இதுல கேவலம் என்னன்னா அப்ப என் போன்ல டூடூ ஆப் மட்டும் மூணு இருந்துச்சு. அதுல நோஷன்னு ஒண்ணுல மூணு நாள் உக்காந்து கலர் கலரா டேபிள் போட்டு வெச்சிருந்தேன், அவ்ளோ அழகு, கல்யாண ஆல்பம் மாதிரி. அதுல "தினமும் 30 நிமிஷம் வாக்கிங்" இருந்துச்சு. அந்த கிளையன்ட் அண்ணன் நோட்டீஸ் இல்ல.

அப்பறம் யோசிச்சேன். டேக்ஸ் ஆபீஸ்ல 14 வருஷமா குப்பை கொட்டறேன், 7ஆம் தேதி டிடிஎஸ் கட்டறது, 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 15 பிஎஃப் ஈஎஸ்ஐ, 20 3பி (வரி கட்டற மாச ஜிஎஸ்டி ரிட்டர்ன்), இதுல ஒண்ணு கூட தவறினதில்ல. ஏன்னா அங்க தேதி வேற ஒருத்தன் வெச்சது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தவறினா ஒரு நாளைக்கு 50 ரூபா லேட் ஃபீ, டிடிஎஸ் ரிட்டர்ன்னா ஒரு நாளைக்கு 200. தவறறது எல்லாமே நானா வாக்கு குடுத்ததுதான். தங்கச்சிக்கு வில்லங்கம் எடுத்துத் தரேன்னது, ஆபீஸ்ல புதுசா வந்த பொண்ணுக்கு ரீகன்சிலியேஷன் (ரெண்டு கணக்க ஒத்துப் பாக்கறது) சொல்லித் தரேன்னது. இதுக்கெல்லாம் லேட் ஃபீ கிடையாதே. ஆக எனக்கு வேலைய லிஸ்ட் போடறது பிரச்சனையே இல்ல, யாருகிட்ட என்ன சொன்னோம்ங்கறத எங்கயும் எழுதறதில்லைங்கறதுதான் பிரச்சனை.

முடிக்காத வேலைதான் முடிச்ச வேலைய விட மனசுல நிக்கும்னு 1927லயே பெர்லின்ல ப்ளூமா ஸைகார்னிக்னு ஒரு அம்மா ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்களாம். மறுபடி செஞ்சு பாத்த எல்லாருக்கும் அதே முடிவு வரலைன்னும் படிச்சேன். எனக்கும் வரல, 28 நாள் நிக்கவே இல்லையே!

எங்க அப்புச்சி, அதாங்க அம்மாவோட அப்பா, மளிகைக் கடை வெச்சிருந்தாரு. கல்லாவுல ஒரு சிட்டை கிடக்கும், யாரு என்ன வாங்கினாலும், யாரு "நாளைக்குத் தரேன்"னு சொல்லிட்டுப் போனாலும், அந்த நிமிஷமே கோழி கிளறின மாதிரி கிறுக்கி வெச்சுருவாரு. ராத்திரி கடைய சாத்தினப்பறம் லைட்ட போட்டுட்டு உக்காந்து அத்தனையும் ஆள் ஆளா பிரிச்சு பேரேட்டுல, அதான் பெரிய கணக்கு நோட்டுல, ஏத்துவாரு. ஏன் அப்புச்சி ரெண்டு தரம் எழுதறீங்கன்னு கேட்டா "யாவாரத்து நேரத்துல பேரேட்ட பொரட்டிட்டு இருக்க முடியுமா கண்ணு"ம்பாரு. கவனிங்க, அந்தப் பேரேடு ஆள் பேருல இருக்கும். பருப்புக்கு ஒரு பக்கம், எண்ணெய்க்கு ஒரு பக்கம்னு இருக்காது.

இப்ப நானும் அதத்தான் பண்றேன். ஹேண்ட்பேக்ல ஒரு சின்ன பாக்கெட் நோட்டு, அது சிட்டை. வாக்கு குடுத்த உடனே யாரு, என்ன, எப்பன்னு மூணு வார்த்தை, பந்தில இருந்தாலும் சரி. ராத்திரி பாத்திரம் கழுவினப்பறம் பத்து நிமிஷம் பெரிய நோட்டுல ஆள் பேருக்கு ஏத்தறேன். இடது பக்கம் நான் அவங்களுக்குச் செய்ய வேண்டியது, வலது பக்கம் அவங்க எனக்குத் தர வேண்டியது. நெசமாவே உயிரக் காப்பாத்தினது இந்த வலது பக்கம்தான், ஏன்னா எங்க தொழில்ல பாதி நேரம் "பேங்க் ஸ்டேட்மெண்ட் நாளைக்கு அனுப்பிடறேங்க"ன்னு சொன்னவங்க பின்னாடி ஓடறதுலயே போயிரும், யாருகிட்ட எப்ப கடைசியா கேட்டோம்னே தெரியாது. இப்ப "நீங்க 3ஆம் தேதி சொன்னீங்ணா, இன்னிக்கு 9"னு சொன்னா மறுபேச்சு இல்லாம அரை மணி நேரத்துல வந்துருது.

தேதி போட்ட விஷயத்துக்கு தினசரி காலண்டர். வெளிநாட்டுல 12 மாசத்துக்கு ஒண்ணு, 31 நாளுக்கு ஒண்ணுன்னு 43 ஃபோல்டர் வெச்சு ஒரு முறை இருக்காம், அந்தந்த நாள் ஃபோல்டர தொறந்தா அன்னைக்குச் செய்ய வேண்டியது உள்ள இருக்கும். அட, அதத்தான நம்ம ஊருல ஆணில மாட்டி வெச்சிருக்கோம்! தாள தூக்கி ராகு காலத்துக்குப் பக்கத்துல பென்சில்ல எழுதி விட்டா அன்னைக்குக் காலைல கிழிக்கும்போது தானா வந்து நிக்கும். ஒரே தொந்தரவு, ஊருக்குப் போயிட்டு வந்து எங்க வீட்டுக்காரர் மூணு நாள் தாள ஒண்ணா கிழிச்சு அதுலயே பஜ்ஜி எண்ணெய ஒத்தி எடுத்துட்டாரு, கேஸ் புக்கிங் போச்சு.

இன்னொண்ணும் நடந்துச்சு, நான் எதிர்பார்க்கல. ஒருத்தர் பேருல ஏற்கனவே நாலு வரி அடிக்காம நிக்கறதக் கண்ணால பாத்தப்பறம் அஞ்சாவதுக்கு "சரிங்ணா"ன்னு வாய் வர மாட்டேங்குது. "அடுத்த மாசம் 5ஆம் தேதிக்கு மேலதாங்ணா முடியும்"னு சொல்லிடறேன். ஒருத்தர் கூட கோவிச்சுக்கல, சும்மா இத்தன வருஷம் பயந்துட்டு இருந்திருக்கேன்.

எல்லாப் பக்கமும் சுத்தமா இருக்குன்னு நினைச்சுராதீங்க. அம்மா பேருல ஒரு பக்கம் இருக்கு, மேல மொத வரி "கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், மே 12ல சொன்னது". காலண்டர்ல ரெண்டு தரம் தேதி போட்டு ரெண்டு தரமும் தள்ளியாச்சு. வலது பக்கம் காலி, அம்மா எனக்கு எதுவும் தர வேண்டியதில்ல. நாளைக்கு சனிக்கிழமை, போயிரலாம்னு இப்பத்தான் போய் தாள தூக்கிப் பாத்தேன். தேதி 20, 3பி.