கடல் தாண்டி வந்த வேலை மண்டபம் வரை வராதா?

பாம்பனிலிருந்து ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தான். "அக்கா, கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிக்கப் போறேன். ஐடி வேலைன்னா அமெரிக்காக்காரன் பிழைப்பைப் பிடுங்குறதுன்னு ஒருத்தர் எழுதுறார். டாலருக்கு அடிமை வேலைன்னு இன்னொருத்தர் எழுதுறார். போகலாமா, வேண்டாமா?" பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. சரி, எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்க்காரி. அப்பா நாட்டுப்படகில் போகிறவர். வாடைக்காற்று பலமாக அடிக்கிற நாட்களில் படகு கரையிலேயே கிடக்கும், அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போகும். 2011-இல் சென்னையில் ஐடி நிறுவனங்கள் குவிந்திருக்கிற ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் ஆண்டுக்கு மூன்றேகால் லட்சத்துக்குச் சேர்ந்தேன். கல்விக் கடன் அடைந்தது, வீட்டுக்குக் காங்கிரீட் கூரை வந்தது, அப்பாவின் வல்லத்துக்குப் புது இன்ஜின் வந்தது. அந்தக் கம்மல் அதற்குப் பிறகு அடகுக்குப் போகவில்லை. எங்கள் கடற்கரையில் வெளிநாட்டுப் பணம் புதிதல்ல. கீழக்கரையில் தலைமுறை தலைமுறையாக வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதிக்கிறார்கள். பிள்ளை பிறந்ததைக்கூடப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்ட மனிதர்கள் அவர்கள். நாட்டைத் தாண்டாமலே அப்படியொரு வருமானம் ஒரு மீனவர் மகளுக்குக் கிடைத்ததை நான் சிறுமையாகப் பேச மாட்டேன்.

இனி, இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

2014-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் (பெரிய நிறுவனங்களின் கணக்கை ஓட்டும் பெரிய கம்ப்யூட்டர்) வேலை எங்கள் அணிக்கு வந்தது. வேலையைக் கைமாற்றிக் கொடுக்கும் பயிற்சியை நாங்கள் கே.டி. என்போம். எனக்குக் கே.டி. கொடுத்தது அங்கே 19 வருடம் வேலை பார்த்த ஒரு பெண்மணி. ஆறு வாரம், தினம் மாலை ஏழு மணிக்குப் போனில் வருவார். தன் வேலை போகப்போகிறது, அதை எடுத்துக்கொள்ளப் போகிறவள் நான்தான் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தவில்லை. கடைசி நாளில் தன் கைப்பட எழுதிய குறிப்புகளை ஸ்கேன் செய்து அனுப்பினார். அதில் ஒரு வரி: "மாதக் கடைசி இரவில் இந்த ஜாப் விழுந்தால் உடனே மறுபடி ஓட்டாதே. முதலில் க்ளெய்ம் ஃபைல் முழுதாக வந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்."

ஜாப் என்றால் தானாக ஓடும் புரோகிராம், விழுவது என்றால் அது பாதியில் நின்றுபோவது. க்ளெய்ம் ஃபைல் என்பது காப்பீட்டுத் தொகை கேட்டவர்களின் விவரம். எட்டு மாதம் கழித்து ஒரு மாதக் கடைசி இரவு, ஒன்றேகால் மணிக்கு அந்த ஜாப் விழுந்தது. ஃபைலை எண்ணினேன், பாதிதான் வந்திருந்தது. மறுபடி ஓட்டியிருந்தால் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தப்பான தொகை போயிருக்கும். அவர் வேலையை இழந்த பிறகும் அவருடைய கவனம்தான் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது.

இது எங்கோ ஓரிடத்தில் நடந்த கதை இல்லை. 2015-இல் ஃபுளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் ஏறக்குறைய 250 பேரை வேலையை விட்டு அனுப்பியபோது, தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு அவர்களில் பலரே பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய கோபம் நியாயமானது. நம்மைத் திட்டுகிறார்கள் என்பதற்காக அதை நாம் இல்லையென்று சொல்லக்கூடாது.

வேலையை இப்படிக் கைமாற்றிய நிறுவனங்களுக்கு நினைத்த அளவுக்கு லாபமாவது கிடைத்ததா என்றால், எனக்குச் சந்தேகம்தான். அந்தக் கே.டி.யில் உட்கார்ந்த எங்கள் ஆறு பேரில் ஐந்து பேர் மூன்றே வருடத்தில் வேறு கம்பெனிக்கோ வேறு புராஜெக்டுக்கோ போய்விட்டார்கள். 19 வருட அனுபவம் ஆறு வாரத்தில் எங்களுக்கு வந்தது, எங்களிடமிருந்து அடுத்தவர்களுக்கு ஆறு நாளில் போனது. ஒவ்வொரு கைமாறுதலிலும் எழுதாமல் விட்ட ஏதோ ஒன்று தொலைந்தது. மணிக்கணக்குக் கட்டணத்தை வைத்து மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள் இந்த இழப்பை எந்தக் கட்டத்திலும் எழுதுவதில்லை.

கட்டணம் என்றதும் சொல்கிறேன். அப்போது என் பில்லிங், அதாவது என் வேலைக்காக நிறுவனம் வாடிக்கையாளரிடம் வாங்கியது, மணிக்கு 22 டாலர். மாதம் 160 மணி நேரம், அன்றைய மதிப்பில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். என் கைக்கு வந்தது 31,000. கட்டடம், மேலாளர்கள், பெஞ்சில் (புராஜெக்ட் இல்லாமல் சம்பளத்தில்) இருப்பவர்கள் என்று நிறுவனத்துக்கும் செலவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் 2011-இல் வாங்கிய சம்பளத்துக்குப் பக்கத்திலேயேதான் இன்றும் எங்கள் அணிக்கு வருகிற புதுப் பிள்ளைகள் வாங்குகிறார்கள். சென்னை வாடகை அப்படியா இருக்கிறது?

அப்புறம் இரவு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பினால் 7.30. "நம்ம ஊர்ல மணி மாறலையே, உனக்கு மட்டும் எப்படி மாறுது?" என்று அம்மா கேட்பாள். பத்து வருடத்துக்கு மேல் இப்படி விழித்த உடம்பு இப்போது பகலிலும் தூங்க மறுக்கிறது. ஷிப்ட் அலவன்ஸ் அதை ஈடுகட்டாது.

இவ்வளவுக்கும் பிறகு எனக்குள் நிஜமாகவே எரிகிற விஷயம் ஒன்று உண்டு. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருவில் மையம் திறந்து செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவோடு இணைத்த நாளிலிருந்து இந்தத் தொழில் வாடிக்கையாளரிடம் சொல்லிவருவது ஒன்றுதான்: ஆள் எங்கே இருந்தால் என்ன, வேலை நடக்கும். 13,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரிடம் அப்படிச் சொல்கிற அதே நிறுவனம், 550 கிலோமீட்டர் தள்ளி மண்டபத்திலிருந்து வேலை பார்க்கிறேன் என்கிற என்னிடம், நேரில் வந்து உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும் என்கிறது.

2020-இலிருந்து நான்கு வருடம் மண்டபம் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தேன். ஒரு இன்வெர்ட்டர், இரண்டு இணையக் கம்பெனிகளின் கனெக்ஷன். மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியிடும் ரிலீஸ் ஒன்றுகூடத் தவறவில்லை. அதிகாலை மூன்றரைக்கு லேப்டாப்பை மூடிவிட்டு வாசலுக்கு வந்தால், பாக் ஜலசந்தியில் படகுகளின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அப்பா வருவார். இருவரும் ஒன்றாகக் கட்டங்காப்பி குடிப்போம். என் சம்பளம் மண்டபம் கடைத்தெருவில் செலவானது. பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேருக்கு எக்செல் சொல்லிக் கொடுத்தேன். பிறகு சென்னை ஆபீசுக்குத் திரும்பி வரச் சொல்லி மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான், எல்லாம் நின்றுபோனது.

ராமநாதபுரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று 2024-இல் அரசு வரிசையாக ஐடி நிறுவனங்களுக்கான சின்ன டைடல் பூங்காக்களைத் திறந்தது. நல்ல காரியம். எங்கள் மாவட்டத்தின் கடற்கரைக்கும் அப்படி நூறு நாற்காலி போட்ட ஒரு கட்டடம் போதும். 2025 செப்டம்பரில் அமெரிக்கா, நம் ஆட்கள் அங்கே போய் வேலை பார்க்க வாங்குகிற ஹெச்-1பி விசாவின் புது விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தது. ஆளை அங்கே அனுப்ப முடியாமல் இங்கே வரப்போகிற வேலையையும் ஓ.எம்.ஆரிலேயே குவிக்கப் போகிறோமா?

தம்பி, நீ போ. ஆனால் உனக்குக் கே.டி. கொடுப்பவர் யார், அவருக்கு அடுத்து என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொள். அவர் சொல்வதை எல்லாம் எழுதி வை. நான் மாதத்தில் ஒரு வாரக் கடைசி மண்டபம் வருகிறேன். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை வீட்டுக்கு வா, அந்த ஒஹாயோ அம்மாவின் குறிப்புகளைக் காட்டுகிறேன்.